மேல் தெறியைப் பிடித்துப் பேசியவர்

அத்தானுடன் கதைத்துவிட்டு வருகிறவரை அவருடைய சேட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மேல் தெறி நூலில் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது அங்கே இருக்கவே இருக்காது. சேட்டு என்றால் சட்டை, தெறி என்பது பட்டன்தான். திருக்கோணமலையில் எங்களுக்கு அது தெறி. அத்தான் ஆளை மறித்து, மேல் தெறியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டுதான் கதையைத் தொடங்குவார். கதை சூடு பிடிக்கப் பிடிக்கத் தெறியைத் திருகுவார். கேட்கிறவர் அவசரத்தில் ஒரு அடி பின்னால் வைத்தால் தெறி அத்தானின் கையோடு வந்துவிடும். அதற்காக அவர் வெட்கப்பட்டதை நான் கண்டதில்லை. "வாங்கோ வீட்டை, எங்கட பிள்ளை தைச்சுத் தருவாள்" என்று ஆளையே கூட்டிவந்துவிடுவார். நான் தைத்து முடிக்கும்வரை மிச்சக் கதையையும் சொல்லி முடிப்பார். அந்தப் பிள்ளை நான்தான்.

அத்தான் என் அக்காவின் புருஷன். சொந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, எழுதவும் இப்போது கை வரவில்லை. உலக யுத்த காலத்தில் துறைமுகத்தில், கடற்படையின் உடுப்புக் களஞ்சியத்தில் வேலை செய்தார். வெள்ளைக்கார மாலுமிகளின் காற்சட்டை, தொப்பி, சப்பாத்து, பெட்டி பெட்டியாகத் தெறிகள். நங்கூரம் பொறித்த பித்தளைத் தெறி, எலும்புத் தெறி, சிப்பித் தெறி. அதிகாரிகளின் வெள்ளைக் கோட்டில் பித்தளைத் தெறியைத் தைப்பதில்லையாம். பின்பக்கம் ஒரு சின்ன வளையம் போட்டு மாட்டுவார்களாம், சலவைக்குப் போகும்போது கழற்றி எடுப்பதற்காக. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தெறிகளுக்கு நடுவில் இருப்பதால்தான் மனுசனுக்குத் தெறியைக் கண்டதும் கை போகிறது என்று அக்கா சொல்லுவாள். எனக்கென்னவோ அவர் பிறவியிலேயே அப்படித்தான் என்று படும்.

சரி, ஆளை நிறுத்தி வைத்து அப்படி என்ன கதைப்பார்? சொற்களைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊர், ஆற்றை பிள்ளை" என்று ஊரையும் தாய் தகப்பனையும் கேட்போம். அத்தான் அதையே சொற்களிடம் கேட்டார். யுத்தத்தோடு துறைமுகத்துக்கு வந்து இறங்கிய இங்கிலீஸ் சொல், முந்தியே வந்து வீட்டுக்குள் இருந்துவிட்ட சொல் ஒவ்வொன்றையும் மறித்து ஊர் விசாரித்தார். விசாரணை எங்கே தொடங்கினாலும் தமிழில்தான் போய் முடியும். அலுமாரி என்றால், அலுவல் முடிந்ததும் சாமானை மாற்றி வைக்கிற இடம். கதிரை என்றால், கதிர் அறுத்துவிட்டு வந்தவன் களைப்பாற இருக்கிற ஆசனம். தேத்தண்ணியை இங்கிலீஸில் 'டீ' என்பது ஏன்? தீயில் வைப்பதால். வழியில் நின்ற எந்தச் சொல்லையும் அவர் தகப்பன் இல்லாத பிள்ளையாக விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு தமிழ்த் தகப்பனைப் பிடித்துக் கொடுத்தார். அதைச் சொல்லும் உறுதியைக் கேட்டால் எவருக்கும் மறுத்துப் பேச வாய் வராது. தெரியாது என்ற சொல் மட்டும் அவருடைய அகராதியில் இல்லை.

பட்டன் அவருடைய பெருமைக்குரிய பிள்ளை.

"வாயைப் பொத்து எண்டு சொல்லுறமோ இல்லையோ?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மாவின் சட்டையில் தெறி இல்லாததால் சும்மா கையை ஆட்டுவார். "ஓட்டையைப் பொத்துறது பொத்தான். அது கப்பல் ஏறி லண்டனுக்குப் போய்க் குளிருக்கு நாக்கு மரத்து பட்டன் எண்டு ஆச்சு. இதில சந்தேகப்பட என்ன இருக்கு மாமி?"

"சோறு ஆறுது தம்பி" என்பாள் அம்மா.

ஒருநாள் அவர் களஞ்சியத்துத் துரையின் தெறியையே பிடித்துவிட்டார். ஏதோ சாமான் கணக்கு விளங்கப்படுத்தப் போனவர் கதை வேகத்தில் கையை நீட்டிவிட்டார். சாதாரணச் சேட்டென்றால் இரண்டு மூன்று திருகலாவது தாங்கும். இது வளையம் போட்டு மாட்டிய பித்தளைத் தெறி. நங்கூரத்தோடு அத்தானின் உள்ளங்கையில் வந்து இருந்துவிட்டது. வேலை போனது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். துரை தன் நெஞ்சைப் பார்த்தார், அத்தானின் கையைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, இப்படிச் செய்வதற்கு எங்கள் பாஷையில் ஒரு சொல்லே இருக்கிறது என்று சொன்னாராம். பட்டன்ஹோல் என்றால் தெறி போடுகிற துளை. விருந்துக்குப் போகும்போது கோட்டில் செருகிக்கொள்ளும் பூவுக்கும் அதுதான் பெயர். போகிறவனை மறித்து வைத்துக் கதை சொல்லுவதையும் அப்படித்தான் சொல்லுவார்களாம். முந்திய காலத்தில் அவர்களுடைய ஆட்களும் தெறியைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தார்களாம்.

அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்த வரவைப் பார்க்க வேண்டுமே. பட்டம் கிடைத்தவர் போல வந்தார்.

"என்ர குணத்துக்கு வெள்ளைக்காரன் ஒரு சொல்லே செய்து வைச்சிருக்கிறான். இஞ்ச நான் ஒருத்தன்தான் விசரன் எண்டு நினைச்சீங்கள். லண்டன் முழுக்க என்ர ஆக்கள்!"

"அங்க தெறி தைக்கிறது ஆராம்?" என்று கேட்டாள் அக்கா.

அடுத்த நாள் துரையிடம் பட்டன் பிறந்த ஊரை விசாரித்தார். பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்தது, அவனுடைய பாஷையில் அது மொட்டு, கிளையிலிருந்து முண்டிக்கொண்டு வெளியே வருவதால் அந்தப் பெயர் என்று துரை சொல்லியிருக்கிறார். அத்தான் விடுவாரா? பொத்தும் வாயும் என்று தன் கதையைத் தொடங்கினார். பொறுத்துப் பார்த்த துரை கடைசியில், வாய்க்குத் தெறியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தாராம். இங்கிலீஸில் அப்படியும் ஒரு பேச்சு உண்டு போலும். வீட்டுக்கு வந்த அத்தான் அதையே சாட்சியாக வைத்தார். "பாத்தியளோ, அவனும் வாயைப் பொத்தத்தான் சொல்லுறான். சொல்லும் ஒண்டு, கருத்தும் ஒண்டு!"

துரை சொன்னதை மென்று விழுங்கிய மனுசனுக்கு டொக்கியாட் வீதிப் பறங்கித் தையல்காரர் தொண்டையில் சிக்கினார். பறங்கியர் என்றால் பழைய போர்த்துக்கீசர் வழி வந்தவர்கள். தெருவில் எங்களைப் போலவே தமிழ் கதைத்தாலும் வீட்டுக்குள் தங்கள் பழைய பேச்சை விடாமல் வைத்திருந்தார்கள். தையல்காரர் கனத்த உடம்பு, கனத்த குரல். கடைக்குப் போன அத்தான் அவருடைய தெறியைப் பிடித்துக்கொண்டு பொத்தான் கதையைத் தொடங்கியதும் அவர் அத்தானின் கையைத் தட்டிவிட்டார்.

"விசர்க் கதை கதையாதையும். பொத்தான் எங்கட சொல். எங்கட பாட்டன்மார் சேட்டும் சொல்லும் ஒண்டா இஞ்ச கொண்டுவந்தவங்கள். உமக்கு வேணுமெண்டால் தெறி எண்டு சொல்லும், ஆர் வேண்டாமெண்டது?"

சொன்னதோடு நிற்காமல் கடை வாசலில் நின்ற செவ்வரத்தம் பூஞ்செடியிலிருந்து ஒரு மொட்டைப் பிடுங்கி அத்தானின் சேட்டுத் துளையில் செருகிவிட்டிருக்கிறார். "எங்கட வீட்டில இதுக்கும் பொத்தாம், அதுக்கும் பொத்தாம். போய் வீட்டில சொல்லும்."

நெஞ்சில் மொட்டோடு வந்த அத்தான், போர்த்துக்கீசன் அதை எங்களிடமிருந்துதான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முழுக் குரலில் அறிவித்தார். ஆனால் மொட்டை எறியவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் வார்த்து அதற்குள் வைத்தார். மறுநாள் காலையில் அது விரிந்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்றவரிடம் நான் சும்மா சீண்டினேன்.

"துரையும் மொட்டு எண்டவர், தையல்காரரும் மொட்டு எண்டுறார். அப்ப தமிழில்லையோ அத்தான்?"

"எங்கட சேட்டில நிண்டா எங்கட சொல்தான்" என்றார். குரலில் உறுதி குறையவே இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, தான் சொல்லுவது பொய் என்று அவருக்கும் தெரியும். அந்தப் பொய்யில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது. வந்து நின்ற ஒன்றை வெளியே விட மனம் வராதவர் அவர்.

இவ்வளவு சொல்லுக்கும் ஊர் கேட்ட மனுசன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

நான் அம்மா பெற்ற பிள்ளை இல்லை. ஐயா, அக்காவின் தகப்பன், வண்டில்காரர். காய்ச்சல் பரவியிருந்த ஒரு மாரிகாலத்தில் இலங்கைத்துறைக்குக் கருவாடு ஏற்றப் போனவர், வழியில் ஆட்கள் தங்கிப் போகிற ஒரு மடத்தில் என்னைக் கண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். அவள் யார், எங்கேயிருந்து எங்கே போனாள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எனக்கு நடக்கத் தெரிந்திருந்தது, பேச்சு இன்னும் வரவில்லை. அங்கே நின்ற ஓரிரண்டு பேரைச் சேர்த்து அவளை அடக்கம் பண்ணிவிட்டு, ஐயா என்னைக் கருவாட்டுச் சாக்கின் மேல் இருத்திக் கொண்டுவந்தார். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் என்னைக் குளிப்பாட்டினாள். அக்காவுக்கு நான் தங்கச்சியானேன். ஐயா யுத்தம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லாருக்கும் இது தெரியும், ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

முகத்துக்கு நேரே கேட்டது கிளிவெட்டியில்தான். ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று அத்தான் முகமெல்லாம் கரியாக வீட்டுக்கு ஓடிவந்தார். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மூதூருக்கு வள்ளத்தில் கடந்து, அங்கிருந்து வண்டிலில் கிளிவெட்டிக்குப் போனோம். அத்தானின் பெரியம்மா வீடு அங்கே இருந்தது. வள்ளத்தில் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அத்தான் மட்டும் வள்ளக்காரரின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, பொம் என்று வெடிப்பதால் பொம்பர், வெடித்த சத்தமே தமிழ்ச் சத்தம் என்று விளங்கப்படுத்தினார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுசன் இல்லாவிட்டால் நாங்கள் அந்தக் கடலை எப்படிக் கடந்திருப்போமோ தெரியாது.

கிளிவெட்டிப் பக்கத்தில் குடி பார்ப்பார்கள். குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. தாய் யாரென்று தெரியாவிட்டால் குடி இல்லை. குடி தெரியாத இடத்தில் கைநனைக்க மாட்டார்கள், ஒரு வாய் தண்ணியும் குடிக்க மாட்டார்கள். நான் முற்றத்தில் நெல்லுக் குற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மனுசி வந்து அம்மாவிடம் கேட்டாள்.

"மூத்தவளைத் தெரியும். இது ஆற்றை பிள்ளை, என்ன குடி?"

"என்ர தங்கச்சியின்ர மகள். இலங்கைத்துறையில இருந்தவள், காய்ச்சலில போயிட்டாள்."

அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது. உலக்கை என் கையில் நின்றுவிட்டது. அம்மா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மடத்தில் எனக்குப் பக்கத்தில் கிடந்தவளை யாரோ இன்னொருமுறை தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தது போல இருந்தது. அத்தான் மரத்தடியில் இருந்து என்னைப் பார்த்தார். அழுகிற வள்ளத்தையே சிரிக்க வைத்த ஆள் எனக்காக ஒரு சொல் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

நாங்கள் திருக்கோணமலைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன்.

"எல்லாத்துக்கும் ஊர் சொல்லுறீங்கள் அத்தான். எனக்கும் ஒண்டு சொல்லுங்கோவன்."

கையிலிருந்த சுருட்டைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் உருட்டினார். "நீ என்ர மச்சாள். தேத்தண்ணி ஒண்டு ஊத்து" என்றார். நான் ஊற்றினேன், சீனி போடாமல். அவர் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

அந்த நாட்களில்தான் சாம்பல்தீவுப் பெடியன் ஒருவனை மேல் தெறி இல்லாமல் வீட்டுக்குக் கூட்டிவந்தார். டொக்கியாட்டில் கப்பல் திருத்துகிற பகுதியில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை. பெடியன் சால்வையால் மூடிக்கொண்டு சுவரோடு இருந்தான். சேட்டை என்னிடம் தந்தபோது மெதுவாகச் சொன்னான், "நூலை ரெண்டாப் போட்டுத் தையுங்கோ. உங்கட அத்தான் நாளைக்கும் பிடிப்பார்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த கிழமையும் தெறி இல்லாமல் வந்தான். அதற்கடுத்த கிழமையும். மூன்றாவது முறை துணியில் நின்ற நூலைப் பார்த்தேன். பிடுங்கின நூல் பிசிர் பிசிராக இருக்கும். இது பிளேட்டால் அறுத்த நூல். நான் ஒன்றும் சொல்லாமல் தைத்துக் கொடுத்தேன். பெடியன் என்று சொன்னாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை இப்போது சொல்ல என்ன வெட்கம்?

தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது பெரியப்பா. அந்தப் பெரியப்பா சம்பந்தம் பேச வருவதாக ஒரு தரகரிடம் சொல்லி அனுப்பினார். அம்மா அத்தானைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்.

"தம்பி, கேட்டால் இலங்கைத்துறை எண்டு சொல்லுங்கோ. தரகரிட்டையும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். நீங்கள் சொன்னால் ஆரும் நம்புவினம்."

"ஓம் மாமி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அத்தான்.

எனக்கு அந்தக் கலியாணம் வேண்டும். துறைமுகம் முழுக்கச் சிப்பாய்கள் நிறைந்த காலம்; சம்பந்தம் பேசி முறிந்த பெட்டை என்று பெயர் எடுத்தால் பிறகு படலையைத் திறந்துகொண்டு வர எவரும் இல்லை. கலியாணம் வேண்டுமென்றால் அந்தப் பொய்யும் வேண்டும் என்று மனதைக் கட்டிக்கொண்டேன். பொய் சொல்லுவதில் எங்கள் வீட்டில் அத்தானை மிஞ்ச ஆள் இல்லை. அந்த ஒரு விசயத்தில் எனக்கு அவரில் முழு நம்பிக்கை இருந்தது.

பெரியப்பா பின்னேரம் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்துவரை பூட்டிய வெள்ளைச் சேட்டு, மடித்த சால்வை. அதிகம் பேசாத முகம். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். மழை, நெல்லு, யுத்தம் என்று கதை சுற்றி வந்தது. அத்தான் கதிரையை இழுத்து இழுத்து நெருங்கிப் பெரியப்பாவின் மேல் தெறியைப் பிடித்தாயிற்று. பெரியப்பா அந்தக் கையை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளையின்ர தாய் தகப்பன் எந்தப் பக்கம்?"

"தெரியாது அண்ணை" என்றார் அத்தான்.

அம்மா வெற்றிலைத் தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டாள்.

"மறந்துபோச்சோ, தெரியாதோ?"

"மறக்கேல்லை. எனக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தாய் ஒரு மடத்தில செத்துக் கிடந்தவ. பக்கத்தில இருந்த பிள்ளையை மாமா தூக்கிக்கொண்டு வந்தவர். எங்கட வீட்டில வளந்தவள், எங்கட பிள்ளை. நான் அறிஞ்சது இவ்வளவும்தான்."

கதிரைக்கும் அலுமாரிக்கும் ஊர் சொன்ன அதே குரல், அதே உறுதி. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதே நேரம் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி லேசாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

பெரியப்பா தேத்தண்ணியைத் தொடாமல் தள்ளி வைத்தார். விறுக்கென்று எழும்பினார். அத்தான் கையை எடுக்க மறந்துவிட்டார். டக் என்று ஒரு சத்தம். தெறி அத்தானின் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

சேட்டின் கழுத்து திறந்து கிடந்தது. அப்படியே சாம்பல்தீவுவரை நடந்து போக அந்த மனுசனின் மானம் இடம் கொடுக்காது. நின்றபடியே எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு திரும்ப இருந்தார். "கெதியாத் தைச்சுத் தாங்கோ. நான் போகவேணும்."

அக்கா ஊசியை எடுத்தாள். நூல் ஊசிக்காதுக்குள் போகாமல் இரண்டு மூன்று முறை தவறியது. நான் வெளியே வந்து அதை வாங்கி, வாசற்படியோடு இருந்து தைக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் ஒருவர் தெறிக்காகக் காத்திருக்கும்போது அத்தான் கதை சொல்லாமல் இருந்தது அந்த ஒருமுறைதான். நான் நூலை இரண்டாகப் போட்டேன். நான்கு துளையிலும் மாறி மாறி ஏற்றி இறக்கினேன். தெறிக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றி இறுக்கினேன். ஒரு தையலும் பிசகவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்குப் பதற்றம்?

பெரியப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமென்று இல்லாமல் பேசினார்.

"தரகர் இலங்கைத்துறை எண்டவர். நான் அங்க போய் விசாரிச்சனான். அப்பிடி ஒரு குடும்பம் அங்க இருக்கேல்லை."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"பொய் சொல்லுற வீட்டில பெண் எடுக்க ஏலாது. அந்தப் பொய்யை இஞ்சயும் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்டுப்போட்டு எழும்பிப் போறது எண்டுதான் வந்தனான்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நீங்கள் உண்மையைச் சொன்னீங்கள். அதுக்கும் எழும்பிட்டன். இப்ப இதில இருந்து யோசிச்சுப் பாத்தால், நான் ஏன் எழும்பினனான் எண்டு எனக்கே விளங்கேல்லை."

அத்தான் வாயைத் திறக்கப் பார்த்தார். அக்கா கண்ணால் அடக்கினாள்.

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துச் சேட்டை நீட்டினேன். பெரியப்பா போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாக ஒவ்வொரு தெறியாகப் பூட்டினார். மேல் தெறியைப் பூட்டிவிட்டு அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொருமுறையும் இழுத்துப் பார்த்தார். பிறகு தள்ளி வைத்த கோப்பையைக் காட்டினார்.

"இது ஆறிப்போச்சு. வேற ஊத்திக்கொண்டு வா பிள்ளை, சுடச் சுட."

குடி தெரியாத பிள்ளை ஊற்றிய தேத்தண்ணியை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அம்மா அழுதாள். அழட்டும் என்று ஒருவரும் தேற்றவில்லை. நாள் பார்க்கிறது, மாப்பிள்ளையின் லீவு கேட்கிறது என்று கதை வேறு பக்கம் திரும்பியது. புறப்பட்டபோது அத்தான் வழியனுப்பப் படலைவரை போனார். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருடைய கை தானாக உயர்ந்தது. பெரியப்பா இரண்டு கையாலும் மேல் தெறியை மூடிக்கொண்டு விறுவிறென்று ஒழுங்கையால் நடந்து போனார்.

அத்தான் திரும்பி வந்து சுருட்டைப் பற்றவைத்தார். நான் போய் முன்னால் நின்றேன். இவ்வளவு நாள் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எத்தினை சொல்லுக்குப் பொய்த் தகப்பன் பிடிச்சுக் குடுத்தனீங்கள் அத்தான். எனக்கு ஒருத்தரைப் பிடிச்சுத் தந்திருந்தால் என்ன? அம்மாட்ட ஓம் எண்டும் சொன்னனீங்கள்."

"சொல்லுக்குக் காது இல்லை" என்றார் அவர். "நீ கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனீ."